கிரீடம் தேய்ந்த வெள்ளி மோதிரம்

என்னுடைய ஒரே தங்கச்சியின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும், அவருடைய அண்ணன் எழுதுவது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். பாரிஸில் கோப்பை கழுவி, லண்டனில் பெற்றோல் ஸ்டேஷனில் நின்று, இன்று மூன்று நகைக்கடைக்கு முதலாளி. ஒருவரிடமும் கைநீட்டாமல் மேலே வந்தவன். என்னிடம் தாலிக்கொடி எடுக்காத தமிழ்க் குடும்பம் கிழக்கு லண்டனில் குறைவு. அப்படிப்பட்டவனுக்கு இந்தச் சில பக்கங்களை எழுத இரண்டு கிழமை எடுத்தது. இரண்டு வரி எழுதினால் எழும்பி நடக்கிறேன். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தினாள். விஷயத்தைத் திருத்த நான் விடவில்லை.

தங்கச்சி யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர். என்னைவிட ஆறு வயது இளையவர். எனக்கு ஏறாத படிப்பெல்லாம் அவருக்கு ஏறியது. கல்யாணமாகிப் பதினொரு மாதத்தில் சண்டையில் செல் குண்டு விழுந்து கணவர் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஜேர்மனியில் பல வருடம் துப்புரவு வேலை செய்தார். பிறகு லண்டன் செவன் கிங்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு நான்தான் கூப்பிட்டேன். சகோதரத்தைக் கைவிடாதவன் என்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் கடையிலேயே வேலை கொடுத்தேன். ஒருநாள் தாலிக்கொடி எடுக்க வந்த ஒரு தாய், தங்கச்சியின் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, வேற ஆரையும் வந்து காட்டச் சொல்லுங்கோ" என்றார். வாடிக்கையை விட எனக்கு மனமில்லை.

"பிள்ளை, நீ பின் அறையில இருந்து பெட்டியளை அடுக்கு. தாலி எடுக்க வாற ஆக்களுக்கு முன்னால வராதை."

"சரி அண்ணை."

இரண்டு மாதம் யன்னல் இல்லாத அந்த அறையில் இருந்தார். மூன்றாம் மாதம், வடமேற்கு லண்டன் கில்பேர்னில் ஓர் ஐரிஷ் வெள்ளிக்கடையில் வேலை எடுத்துவிட்டதாக வந்து சொன்னார்.

"வெள்ளியோ? காலில போடுற சாமானை விக்கப் போறியோ?"

"ஓம் அண்ணை. அங்க அதைக் கையிலதான் போடுகினம்."

எங்கள் சனத்துக்கு வெள்ளி என்றால் கொலுசும் கால்விரல் மிஞ்சியும்தான். இடுப்புக்கு மேலே தங்கம். எனக்குத் தெரிந்த நகை வியாபாரம் முழுக்க அதுதான். கில்பேர்ன் கடைக்காரர் டெக்லன், அயர்லாந்தில் கோல்வே பக்கத்து ஆள், மனைவியை இழந்தவர். பின்பக்கப் பட்டறையில் தானே வேலை செய்பவர். தங்கச்சி வேறு வீடு எடுத்துப் போனாலும் ஞாயிறு மதியம் என்னிடம் சாப்பிட வருவார். வந்தால் வெள்ளிக் கதைதான். வடகடலில் இருந்து கொள்ளையடிக்க வந்தவர்கள்தான் அந்த நாட்டுக்கு நிறைய வெள்ளி கொண்டுவந்தார்களாம். பிறகு அவர்களே அங்கே பட்டினம் கட்டி, கைக்காப்பைத் துண்டு துண்டாக வெட்டி நிறுத்துக் கொடுத்துச் சாமான் வாங்கினார்களாம். அந்த நாட்டுத் தட்டார்கள் வெள்ளியில் இழைக்கும் முடிச்சுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. புள்ளியைச் சுற்றி ஓடும் எங்கள் கோலம் மாதிரியே இருக்கும்.

என் மூன்றாவது கடைத் திறப்புவிழாவுக்கு, வாய் பிளந்த வெள்ளி வளையம் ஒன்றைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு வந்தார்.

"என்ன பிள்ளை, காப்பு உடைஞ்சு போச்சோ?"

"உடையேல்லை அண்ணை. இந்த வாயுக்குள்ளால ஊசியை விட்டுத் திருப்பினாத்தான் பூட்டும். அந்தக் காலத்து ராசாக்கள் குத்தினது. உங்கட மூண்டு கடையிலயும் தேடிப் பாருங்கோ, இருக்கோ எண்டு."

இருக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு வருடத்தின் பின் அவர் விரலில் ஒரு வெள்ளி மோதிரம் ஏறியது. இரண்டு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்கும், மேலே ஒரு கிரீடம். கோல்வேக்குப் பக்கத்தில் கிளடா என்ற மீனவர் குடியிருப்பின் மோதிரமாம். கை நட்புக்கு, இதயம் அன்புக்கு, கிரீடம் விசுவாசத்துக்கு. கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்ட ஒருவன், போன இடத்தில் தட்டார் வேலை பழகி, தனக்காகக் காத்திருந்தவளுக்கு இதைச் செய்துகொண்டு ஊர் திரும்பினான் என்று கதை சொல்வார்கள். அங்கே பஞ்சம் வந்தபோது கப்பலேறுவதற்காகச் சனம் இந்த மோதிரங்களை அடைவு வைத்துக் காசெடுத்ததாம்.

"எங்கட தாலிக்கொடியள் மாதிரித்தான், என்னண்ணை?" என்றார்.

அம்மா தாலிக்கொடியை அடைவு வைத்துத்தான் என்னைப் பாரிஸுக்கு அனுப்பினார். ஒருவரிடமும் கைநீட்டவில்லை என்று மேலே எழுதினேன். அதைக் கொஞ்சம் குறைத்து வாசியுங்கள்.

போடுவதற்கும் ஒரு முறை உண்டு. இதயத்தின் கூர் விரல் நுனியைப் பார்த்தால் அவர் தனி ஆள். மணிக்கட்டைப் பார்த்தால் அவர் மனதில் ஒருவர் இருக்கிறார்.

"நீ எந்தப் பக்கம்?"

"நுனிப் பக்கம்தான் அண்ணை. பயப்பிடாதேங்கோ."

எனக்கு அந்தப் பயத்தைவிட, என் தங்கச்சி கையில் வெள்ளியோடு திரிவதுதான் வெட்கம். கழுவித் தருவதாகச் சொல்லி மோதிரத்தை வாங்கி, என் கடையில் தங்கமுலாம் பூசிக் கொடுத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

"அண்ணை, வெள்ளி எண்டுதானே நான் இதை வாங்கினனான்."

"இப்ப ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். போடு."

வாங்கிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மோதிரத்தை நான் கிட்டப் பார்த்ததில்லை. ஞாயிறு மேசையில் கண்டபோதெல்லாம் கூர் நுனிப் பக்கம்தான் இருந்தது.

ஒருதரம் கில்பேர்ன் பக்கம் போனபோது கடைக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். கல்யாண மோதிரம் எடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, தங்கச்சியின் முன்னால் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். தங்கச்சிதான் போட்டுவிட்டார். அந்தப் பிள்ளை அவரைக் கட்டிப்பிடித்தாள். நான் உள்ளே போகவில்லை.

சில காலம் கழித்து டெக்லன் கோட் சூட்டோடு என் கடைக்கு வந்தார். "குட் மோர்னிங், அண்ணை" என்றார். தங்கச்சி என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியிருக்கிறார். தங்கச்சியைக் கட்ட என் சம்மதம் கேட்டார். அண்ணையைக் கேட்காமல் ஏலாது என்று தங்கச்சிதான் அனுப்பினாராம். நாற்பத்தெட்டு வயதுப் பெண், தானே முடிவு எடுத்திருக்கலாம். எனக்கு மரியாதை தந்தார். நானோ மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தேன். சனம் என்ன சொல்லும் என்பதுதான் தலைக்குள் ஓடியது. முடியாது என்றேன். ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

பின்னேரம் தங்கச்சி போன் எடுத்தார்.

"வந்தவரோ அண்ணை?"

"வந்தவர். ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

"சரி அண்ணை."

பின் அறைக்குப் போகச் சொன்னபோது சொன்ன அதே சரி. இதை எழுதிவிட்டு எழும்பியவன், ஹை ரோட்டின் அந்தக் கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

மகளின் கல்யாணம் சிறப்பாக நடந்தது. ஒன்பது வருடம் ஓடியது. பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. தங்கச்சிக்குப் புற்றுநோய் வந்து நாலே மாதம். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் டெக்லன் கட்டிலடியில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வெளியே போய் நிற்பார். இரும் என்று ஒருநாளும் நான் சொல்லவில்லை.

இறுதிக்கிரியைக்கு முன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்றார்கள். வேறு ஒருவரையும் நான் விடவில்லை. சவர்க்காரம் போட்டு நானே கழற்றினேன். அப்போதுதான் கண்டேன், கூர் மணிக்கட்டைப் பார்த்தபடி இருந்தது. கடைசி நாட்களில் மாற்றியிருப்பார் என்று என்னைத் தேற்றிக்கொண்டு, மறுநாள் கடையில் நகை பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிப் பார்த்தேன்.

இதயத்தின் கூரில் நான் பூசிய தங்கம் அப்படியே இருந்தது. கிரீடத்தில் தங்கமும் இல்லை, வேலைப்பாடும் இல்லை. வெள்ளி வழவழவென்று தேய்ந்திருந்தது. எந்த மோதிரமும் விரல் நுனிப் பக்கம்தான் முதலில் தேயும். பஸ் கம்பி, கதவுப் பிடி, எல்லாம் அந்தப் பக்கத்திலேதான் முட்டும். அப்படியென்றால் இத்தனை வருடமும் கிரீடம் நுனிப் பக்கம் இருந்திருக்கிறது, கூர் மணிக்கட்டைப் பார்த்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மேசைக்கு வரும்போது மட்டும் எனக்காகத் திருப்பிப் போட்டிருக்கிறார். படிக்காதவனுக்கும் இது வாசிக்கத் தெரியும். இதுதான் என் தொழில்.

மோதிரம் இப்போது என் சட்டைப் பையில். நித்திரை இல்லை, ஓரிடத்தில் இருப்பு இல்லை. வைத்த இடத்தில் வைத்திருக்கவும் முடியவில்லை.

தங்கச்சியைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், தோர்ண்டன் ஹீத்திலும் சவுத்தாலிலும் இருந்து வேலையை விட்டு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். இறுதிக்கிரியையில் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோடு நின்றவர். டெக்லன், இதை உங்களுக்கு மகள் இங்கிலீசில் வாசித்துக் காட்டுவாள். மதிய போசனத்துக்கு, குடும்பத்து ஆட்கள் இருக்கும் வரிசையில், எனக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் போட்டிருக்கிறேன். மோதிரத்தைக் கழுவவில்லை, ஒன்றும் பூசவில்லை. தேய்ந்தபடியே தருகிறேன். தேத்தண்ணியும் நானே ஊற்றித் தருவேன். அன்று கடையில் என்னை ஒருதரம் முறை சொல்லிக் கூப்பிட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. வந்து இன்னொருதரம் கூப்பிடுங்கள்.

செவன் கிங்ஸில் இருந்து,
அண்ணை