பழைய பூட்ஸுக்கு அனுமதி இல்லை

சமையலறையிலிருந்து கழுகுக்குஞ்சு கத்தும் சத்தம் கேட்டது. தாய் மீனோடு வந்துவிட்டது என்று அர்த்தம். முன்னறையில் என்னோடு காபி குடித்துக்கொண்டிருந்த இர்யா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"போய்ப் பாரேன்," என்றேன்.

"பா... பாத்து? யார்கிட்ட சொல்றது?"

கழுகு இருப்பது இங்கே, கனடாவில் எங்கள் தண்டர் பே ஊரில் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம், ஒரு பைன் மரத்தின் உச்சியில். கூட்டுக்கு மேலே யாரோ கேமரா வைத்திருக்கிறார்கள். முட்டையிடுவதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை நாள் முழுக்க அது நேரலையில் ஓடும். பக்கத்திலேயே ஓர் அரட்டைப் பெட்டி. இர்யாவின் சமையலறை மேசைக் கணினியில் இப்போதும் கூடு தெரிகிறது. அரட்டைப் பெட்டி இருந்த இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் கட்டம். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று அதில் எழுதியிருக்கிறது.

இர்யா சல்மேலா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறவள். நான் அவள் வீட்டு மாடியில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். சிறு வயதிலிருந்தே அவளுக்குத் திக்குவாய். அவள் வாயைத் திறந்து "சூ" என்பதற்குள் பிள்ளைகள் "சூப்" என்று முடித்துவைத்துவிடுவார்கள். இளமையில் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டானாம். "சரி" என்ற சொல் இவள் உதட்டைத் தாண்டுவதற்குள், மறுக்கிறாள் என்று நினைத்துத் தலைகுனிந்து போய்விட்டானாம். அவள் அக்கா சொல்லக் கேட்டு நான் அன்று இரவு தூங்கவில்லை.

அப்படிப்பட்டவள் அந்த அரட்டையில் மணிமணியாகப் பேசினாள். அங்கே அவள் பெயர் "பழைய பூட்ஸ்." அந்த இடத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. நுழைகிறவர் "மேலே வந்தேன்" என்று எழுத வேண்டும். கிளம்புகிறவர் "இறங்குகிறேன்" என்றால் மற்றவர்கள் "கிளை பத்திரம்" என்று வழியனுப்புவார்கள். சொந்தப் பெயர், ஊர், வேலை எதையும் யாரும் சொல்லக்கூடாது. யாரையும் கேட்கவும் கூடாது. பூட்ஸ் ஒரு வயதான காட்டிலாகாக்காரர் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். வீட்டில் துக்கம் என்றால் பூட்ஸிடம் வந்து சொல்வார்கள். பூட்ஸ் நிதானமாக, ஒரு வாக்கியத்தை முடித்து, புள்ளி வைத்து, அடுத்ததைத் தொடங்கிப் பதில் எழுதும்.

அந்தப் புள்ளியே வினையாயிற்று.

இந்த வசந்தத்தில் எந்திரத்தால் எழுதப்படும் போலிக் கணக்குகள் சில உள்ளே புகுந்தன. அடிபட்ட கழுகுக்கு வைத்தியம் என்று கதைகட்டி ஒன்று ஆட்களிடம் பணம் பறித்தது. பயந்தவர்கள் வேட்டையில் இறங்கினார்கள். பூட்ஸ் பிழையே விடுவதில்லை. வேலைநாட்களில் ஒரே நிமிஷத்தில் வந்து ஒரே நிமிஷத்தில் போகிறது. மனுஷன் இப்படி இருப்பானா என்று ஒருவர் கிளப்பினார். பள்ளிக்கூட மணி அடித்தால் இவளுக்கு இடைவேளை, மறுபடி அடித்தால் அடுப்படி. அதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் வேலையைச் சொல்லக்கூடாது என்பதல்லவா சட்டம்? அதை மீற இவளுக்கு மனம் வரவில்லை.

மனிதர் என்று நிரூபிக்கப் புதிதாக ஒரு சோதனை கொண்டுவந்தார்கள். தலையில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு, அன்றைய தேதியை வாயால் சொல்லி வீடியோ அனுப்ப வேண்டும். வாயால். இர்யா அனுப்பவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. புனைபெயரில் இருந்தவரைக்கும் அங்கே ஒருவரையொருவர் நம்பினார்கள். அத்தாட்சி கேட்க ஆரம்பித்த பிறகுதான் எவரும் எவரையும் நம்பவில்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

அப்போது அழைப்புமணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க நெட்டை மனிதர், கையில் காகிதத்தில் சுற்றிய புகையிட்ட மீன்.

"பழைய பூட்ஸ்ங்கறவரு இங்கதானே இருக்காரு? நான் டெல்மர் ஹாஸ்கின்ஸ். ஏரிக்கு அந்தப் பக்கம், டுலூத்துலேர்ந்து வர்றேன்." கொஞ்சம் தயங்கினார். "அங்க என் பேரு படகோட்டி."

அரட்டையை நடத்துகிறவரே அவர்தான். அவர் மனைவி அர்லீன் இறந்தபோது இர்யா அரட்டைக்கென்று இருந்த தபால்பெட்டி எண்ணுக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருந்தாள். அந்தப் பொட்டலத்தின்மேல் பெயரில்லாமல் இருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

உள்ளே வந்தவர் இர்யாவைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?" என்றார்.

இர்யா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் உட்கார்ந்தார். மீன் மடியில் இருந்தது. அதை மேசையில் வைக்கத் தோன்றவில்லை அவருக்கு. அர்லீன் படுக்கையில் கிடந்த மாதங்களில் தினமும் மத்தியானம் பூட்ஸிடம்தான் அழுததாகச் சொன்னார். அவளுக்குத் தலை வாரிவிடத் தெரியாமல் தான் தவித்ததையும், ஒருநாள் எரிந்து விழுந்ததையும் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லையாம். பூட்ஸ் ஒரு எந்திரம், காலுறைகூடக் கடையிலிருந்து வரவழைத்ததுதான் என்று எல்லோரும் சொன்னதும் அவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

"எந்திரம்னா, அப்போ நான் யார்கிட்ட அழுதேன்? அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்," என்றார். பிறகு குரல் மாறியது. "ஆம்பளைக்கு ஆம்பளைன்னு நெனச்சுச் சொன்னதும்மா எல்லாம்."

"நா... நான் ஆம்பளைன்னு சொன்னதில்ல."

"பொம்பளைன்னும் சொல்லலையே."

"கே... கேக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டது நீ... நீங்கதானே."

அவர் மடியிலிருந்த மீனை எடுத்து மேசையில் வைத்தார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

சமையலறையில் காபி குடித்தபின் அவரே ஒரு வழி சொன்னார். பேச வேண்டாம், கரண்டியோடு ஒரு போட்டோ மட்டும் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இர்யா வெகுநேரம் யோசித்தாள். பிறகு சூப்புக் கரண்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல் விறைப்பாக நின்றாள். டெல்மர் தன் போனில் படம் பிடித்துப் போட்டார்.

பதில்கள் வந்து விழுந்தன. கரண்டியின் நிழல் தப்பு என்றார் ஒருவர். விரல்களை எண்ணச் சொன்னார் இன்னொருவர். இந்தக் காலத்தில் இப்படி ஆயிரம் கிழவிகளை எந்திரம் வரைந்து தள்ளும், ஆள் நிஜமென்றால் பேசட்டும் என்றார் மூன்றாமவர்.

இர்யா அதைப் படித்தாள். காதுமடல் சிவந்தது. "எ... எடுங்க வீடியோ," என்றாள்.

என் தோழி அன்று நின்ற நிலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தலையில் கரண்டி. கண்ணில் நீர். "ஜூ... ஜூ... ஜூன்" என்று அவள் அந்த ஒற்றைச் சொல்லை மலையைப் புரட்டுவதுபோல் புரட்டி வெளியே தள்ளினாள். தேதியையும் சொல்லி முடித்தாள். டெல்மர் அதை அனுப்பினார்.

முதல் பதில் உடனே வந்தது. "குரல் சிக்குது பாருங்க. மட்டமான எந்திரம்." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

டெல்மர் அங்கேயே உட்கார்ந்து பதில் அடிக்கத் தொடங்கினார். நான் இந்த அம்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன், இவர் கொடுத்த காபியைக் குடித்திருக்கிறேன், இவர் பேசுவதே இப்படித்தான், உங்களுக்கு வெட்கமில்லையா என்று தட்டித் தட்டி எழுதினார். பிறகு அவருக்கு அடுத்தபடி நிர்வாகம் பார்க்கும் "சின்னக்கிளை" எழுதியது. யார், எந்த ஊர் என்று அவருக்கே தெரியாத ஆள். படகோட்டி ஒருநாளும் இப்படிக் கோபமாகப் பேசியதில்லை, யாரோ அவர் கணக்கைத் திருடிவிட்டார்கள், எல்லோரும் எச்சரிக்கையாக இருங்கள் என்றது.

அடுத்த நிமிஷம் அவர் போனிலும் அந்தச் சாம்பல் கட்டம் வந்தது.

"அர்லீனும் நானும் ஆரம்பிச்சதும்மா அது," என்றார், போனை மேசையில் கவிழ்த்துவைத்து. "நான் நான்தான்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

கணினியில் குஞ்சு மீனைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.

கிளம்பும்போது தன் போன் நம்பரைக் கொடுத்து, மத்தியானத்தில் பேசலாமே என்றார். இர்யா தலையசைத்து மறுத்தாள்.

"போ... போன்ல எனக்கு வராது. நடுவுல அந்தப் பறவை இருந்தாத்தான்..." அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

அவர் வற்புறுத்தவில்லை. வாசலில் தொப்பியை மாட்டிக்கொண்டு, கதவுப் பிடியில் கைவைத்து, திரும்பாமலே, "இறங்கறேன் பூட்ஸ்," என்றார்.

இர்யாவின் உதடு கூடியது. "கி..." என்றாள். "கி... கி..."

என் நாக்கு நுனியில் அந்தச் சொல் துடித்தது. கடித்துக்கொண்டேன். டெல்மரும் முடித்துக்கொடுக்கவில்லை. பிடியை விடாமல், படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றிருந்தார்.

"கி... கிளை பத்திரம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.