லயல் டாங்கினின் நுரை

ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரீ ஊர் உருக்காலையில் முப்பத்தோரு வருஷம் ஆவிக்குழாய்களைக் கட்டி மேய்த்தவன் லயல் டாங்கின். ஒரு சொட்டு ஒழுகவிட்டதில்லை. அப்படிப்பட்டவனை, வீட்டு ஷெட்டில் நிற்கிற பழைய ஃபிரிட்ஜும் அதற்குள் இருக்கிற பீர்ப் பீப்பாயும் தோற்கடித்துவிட்டன.

ஓய்வு பெற்ற கையோடு ஃபிரிட்ஜ் கதவில் துளை போட்டுக் குழாய் பொருத்தினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறேழு பேர் வருவார்கள். குழாயைத் திறந்தால் முக்கால் கிளாஸ் நுரை, அடியில் இரண்டு விரல் பீர். முதலில் சிரித்தார்கள். அப்புறம், சவரம் செய்துகொள்ள பிளேடும் தருவாயா என்று கேட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கிளப் பக்கம் ஒதுங்கினார்கள். மிஞ்சியவன், ஆலையில் அவனோடு ஒரே ஷிஃப்டில் கிடந்த கிளெம் மட்டும்தான்.

லயல் வாரத்துக்கு ஒரு குற்றவாளியைப் பிடித்தான். பீப்பாயிலிருந்து பீரைத் தள்ளுகிற கேஸின் அழுத்தத்தைக் குறைத்தான். பீர் குழாய்க்குள்ளேயே குமிழி கட்டிக்கொண்டது. வாஷர்களை மாற்றினான். பீர் காய்ச்சும் சாமான் விற்கிற கடைக்காரம்மா, பீப்பாய்க்கும் திறப்புக்கும் நடுவே ஒரு மீட்டர் குழாய் போதாது, மூன்று மீட்டராவது வேண்டும் என்றாள். அதையும் மாற்றினான். அதன்பிறகு மற்ற நாட்களில் டீ குடிக்கிற மக்கில் பிடித்துப் பார்த்தால் பொன்னாக இறங்கும். வெள்ளிக்கிழமை கிளெம் முன்னால் திறந்தால் மட்டும் பொங்கி வழியும்.

கிளெமுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. மகள் ஜெனீன், நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கிற பெர்த்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டாள். ஞாயிறு காலை பயணம். சனிக்கிழமை மத்தியானம் அரைமணி நேரம் லயலிடம் அழைத்து வருவதாகச் சொன்னாள். ஒரே ஒரு கிளாஸ் ஒழுங்காக ஊற்றிக் கொடுத்துவிட வேண்டும், லயலுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அன்று காலையில் மக்கில் பிடித்துப் பார்த்தான். அப்பழுக்கில்லை. கிளெம் கைத்தடியோடு வந்து உட்கார்ந்ததும், வெள்ளிக்கிழமைகளில் செய்கிற மாதிரியே ஃப்ரீசரைத் திறந்து, வெள்ளையாகப் பனி பூத்த கிளாஸை எடுத்தான். நாற்பத்தோரு டிகிரி வெயிலில் வந்தவனுக்கு அலமாரிக் கிளாஸில் கொடுப்பது மரியாதையா? சாய்த்துப் பிடித்து, குழாயை முழுசாகத் திறந்தான். நுரை விரல் மேல் ஏறியது. அடுத்த கிளாஸிலும் அதே கதை. மூன்றாவதிலும்.

"விடுடா லயல். இதுவும் பீர்தானே, கொஞ்சம் அவசரப்படுது."

"காலையில நல்லா வந்துச்சு கிளெம். சத்தியமா."

"ரெண்டு வருஷமா அதைத்தானே சொல்றே. கொடு இப்படி. வாய் கோணினவனுக்கு நுரைதான் தோது, ஒழுகாது."

குடித்தான். மீசையில் ஒட்டியதை லயல் துடைத்துவிட்டான். வெளியே ஹார்ன் அடித்தது. எழுந்து போகிறபோது கிளெம் கதவோரம் நின்றான்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணி வை."

இருவரும் சிரித்தார்கள். ஜெனீன் வந்து கிளெமின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார் போன பிறகு லயல் உள்ளே வந்தான். மூன்று கிளாஸும் பிசுபிசுவென்று கிடந்தன. மக்கில் கொஞ்சம் பிடித்தான். தெளிவாக இறங்கியது, மேலே ஒரு விரல் நுரை. ஃப்ரீசரிலிருந்து இன்னொரு கிளாஸை எடுத்து அதிலும் பிடித்தான். பொங்கியது. மறுபடி மக்கு. தெளிவு.

குழாய் என்றைக்கோ சரியாகிவிட்டது. கிளாஸின் உள்பக்கம் ஒட்டியிருந்த பனிதான் பீரைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறது. விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த பனி.

கிளெமைக் கூப்பிடலாமென்று போனை எடுத்தான். கார் இன்னும் அவன் வீடு போய்ச் சேர்ந்திருக்காது. திரும்பி வா என்று சொல்லி, தள்ளாடுகிறவனை மறுபடி இறக்கி, எதற்கு? ஒரு கிளாஸ் பீருக்கா? போனை வைத்துவிட்டான்.

ஃப்ரீசரில் மிச்சமிருந்த கிளாஸ்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தான். பனி உருகித் தண்ணீர் மேஜை விளிம்புக்கு ஓடியது. காலியான இடத்தில் உறைந்த பட்டாணிப் பையைத் திணித்தான். பிறகு கேஸை அடைத்தான்.