ஜப்பான் குஸ்தி வாத்தியார்

புகையிலைக் காரம் மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குத் தும்மலுக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. அறுபதுகளில், திண்டுக்கல்லில் காலியாகக் கிடந்த ஒரு புகையிலைக் கிட்டங்கியில்தான் என் அப்பா கராத்தே சொல்லிக்கொடுத்தார். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர், அங்கே ஒகினாவாக்காரர் ஒருவரிடம் வருடக்கணக்கில் அடிபட்டுக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். கராத்தே என்ற சொல் ஊர் வாயில் நுழையவில்லை. "ஜப்பான் குஸ்தி" என்றார்கள். திருவிழாவில் ஓடு உடைத்துக் காட்டச் சொல்லி, அவர் மாட்டேன் என்றால், "அம்புட்டுத் திமிரா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆனாலும் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அம்மா காடாத் துணியில் தைத்த சட்டையோடு நானும் அந்த வரிசையில் நின்றேன். கிட்டங்கிக்குச் சொந்தக்காரரான புகையிலை முதலாளியின் மகன் வந்தான். தோல் பதனிடும் "தோல்ஷாப்பு" கூலிக்காரரின் மகன் சவரியும் வந்தான். அப்பாவின் கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான்: மோதுவதற்கு முன்னும் பின்னும் இருவரும் ஒருவருக்கொருவர் இடுப்பு வளையக் குனிந்து வணங்க வேண்டும்.

தன் மகன் சவரிக்கு முன்னால் குனிகிறான் என்று யாரோ போய் ஓதிவிட, முதலாளி ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே வந்து நின்றார்.

"மாஸ்டர், அடிக்கட்டும், அடி வாங்கட்டும், நான் ஒண்ணுஞ் சொல்லல. எம்மகன் அந்தத் தெருப் பய முன்னால குனியிறது மட்டும் ஆகாது. அவன் குனியட்டும், இவன் நிமிந்து நிக்கட்டும்."

"குனியாதவன் கைய ஓங்கப்படாதுங்கய்யா," என்றார் அப்பா. "எதுக்க நிக்கிறவனும் மனுசன்தான்னு ஒத்துக்கிட்டுத்தான் அடிக்கணும். முடியாதுன்னா தம்பிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் காலையில் கிட்டங்கியின் வாசல்வரை புகையிலைச் சிப்பம் அடுக்கியிருந்தது.

அதன்பிறகு வகுப்பு நடத்த ஊரில் ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. அதுவரை அப்பாவை மாஸ்டர் மாஸ்டர் என்று அழைத்த பெற்றோர்கள் எதிரே வந்தால் சந்துக்குள் நுழைந்தார்கள். பயந்துபோன சவரி வீட்டார் அவனை மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். "மொதலாளி மகன் நிமிந்து நின்னா ஒனக்கென்னண்ணே கொறஞ்சுபோச்சு?" என்று கேட்டவர் வேறு யாருமில்லை, என் சொந்தச் சித்தப்பா. முதலாளியையாவது மன்னித்துவிடுவேன், அவர் தன் புத்தியைக் காட்டினார். நல்லவர்கள் போல் பேசிய இவர்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அத்தனை வித்தை கற்ற மனிதர் நூல் மில் வாசலில் காவல் காத்தார். பிறகு யாருக்கும் ஒரு அடிகூடச் சொல்லிக்கொடுக்காமலே போய்ச் சேர்ந்தார்.

இன்று அந்தக் கிட்டங்கி இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. போன மாதம் அங்கே நடந்த கராத்தே போட்டியில் என் பேத்தி கலந்துகொள்கிறாள் என்று போயிருந்தேன். முதலாளியின் மகனை, இப்போது தலை நரைத்த பெரியவரை, மேடையில் ஏற்றி, "நம்ம ஊருக்கே கராத்தேயைக் கொண்டுவந்த குடும்பம்" என்று மைக்கில் முழங்கினார்கள். அப்பாவின் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பொன்னாடை போர்த்த ஒரு கட்சிப் பிரமுகர் எழுந்து வந்தார். அவருக்கு முன்னால் முதலாளியின் மகன் குனிந்தார். அப்பா சொல்லிக்கொடுத்தபடியே, இடுப்பு வளைய.