காதில் வைத்த பாலைவனப் பூ

பராமரிப்பே தேவையில்லை என்று போட்டிருந்ததால்தான் அந்த விதைகளை வாங்கினேன். அரிசோனாப் பாலைவனத்தில், குளிர்கால மழை இரண்டு விழுந்ததும் பரல் மண்ணில் முளைத்து, வெயில் ஏறுமுன் பூத்து, விதை போட்டுச் செத்துவிடும் செடியாம். எனக்கேற்ற சோம்பேறிச் செடி. கனடாவில், ஸ்காபரோ வீட்டின் பின்பக்கத்தில் ஒரு பூச்சாடியில் மணலும் கல்லும் நிரப்பி விதைத்தேன். ஜூனில் ஊதா நிறத்தில் பூத்தது. பூக்காம்பு தேள்வால் போலச் சுருண்டிருக்கும். ஆங்கிலப் பெயரிலும் தேள் உண்டு. அப்போதாவது யோசித்திருக்கலாம். நான் தினமும் தடவிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சில பூக்களைச் சுவாமிப் படத்துக்கு வைத்துக் கும்பிட்டேன். வழக்கம்போல ஒன்றை எடுத்து வலது காதில் செருகினேன். மத்தியானம் பக்கத்து ஊரான அஜக்சிலிருந்து மகள் மூன்று மாதக் குழந்தையுடன் வந்தாள். பேத்தி என் வலது தோளில், அந்தக் காதோடு கன்னம் ஒட்டியபடி, ஒரு மணி நேரம் தூங்கினாள்.

ஞாயிறு காலை மனைவி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

“என்னப்பா, காது அப்பளம் மாதிரிப் பொரிஞ்சு கிடக்கு?”

இணையத்தில் தேடினேன். செடியின் மயிர்களில் உள்ள எண்ணெய் பட்டால், ஓரிரு நாள் கழித்துத்தான் தோல் கொப்பளிக்குமாம். என் காதை மறந்தேன். அந்தக் கன்னம் கண்ணுக்குள் வந்தது.

“மகளுக்குச் சொன்னனீங்களோ?”

“பொறு, பாப்பம்.”

“என்னத்தைப் பாக்கிறது? எடுங்கோ போனை.”

மூன்று தரம் எடுத்து, மூன்று தரமும் மணியடிக்குமுன் வைத்தேன். செத்தவீட்டிலும் பகிடி விடுகிற வாய் என்னுடையது. நாலாம் தரம் மகள் வீடியோவில் வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கும் குழந்தையின் தலையை மெதுவாகத் திருப்பினாள். கன்னத்தில் ஒன்றுமில்லை.

“இனியும் கொப்பளம் வரலாமோ அப்பா?”

“தெரியேல்லை, பிள்ளை.”

மருந்துக்கடைக்காரர் எனக்குக் களிம்பு தந்து, செடியை அடிக்கடி தொடுகிறவர்களுக்குத்தான் இப்படி வரும், குழந்தைக்கு அனேகமாக வராது என்றார். அந்த ‘அனேகமாக’ இரண்டு நாள் என்னோடு படுத்து எழும்பியது. மணிக்கொரு படம் அனுப்பினாள் மகள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, நிழலைக்கூடக் கொப்பளம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை வந்தார்கள். குழந்தையில் பட்டுவிடுமோ என்று நான் சமையலறை வாசலைத் தாண்டவில்லை. பேத்தி வெண்களிம்பு அப்பிய என் காதை உற்றுப் பார்த்தாள். பிறகு வீரிட்டு அழுதாள்.

“ஷீ இஸ் ஃபைன் அப்பா,” என்றாள் மகள். “உங்களைக் கண்டுதான் பயப்பிடுறா.”

கன்னம் நல்லாத்தானே இருக்கு, அழட்டும் என்று அங்கேயே நின்றேன்.