வேர் நுனியில் நகப்பூச்சு

பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பதினேழு வருடமாக உதவியாளராக இருக்கிறவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிடுங்கிய பற்களைக் கழுவி, சுரண்டி, உப்புத் தண்ணீர் பாட்டிலில் போட்டு வைப்பது அவள் வேலை. "உன் அண்ணி ஊரார் பல்லையெல்லாம் கட்டி மேய்க்கிறா" என்று கணவன் தன் தங்கையிடம் கேலி செய்வான்.

அந்தத் தங்கைக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் செய்ய வேண்டி வந்தபோது பல்லக்காதான் முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் புகுந்தாள். "வேர அடைக்க புதுசா ஒரு பசை வந்திருக்கு. எங்க டாக்டரம்மா இருபது பல்லுல போட்டுப் பாத்தாங்க. ஒரு பொட்டு மை உள்ள போகல. உனக்கும் அதையே போடச் சொல்றேன்."

சோதனை இதுதான். பிடுங்கிய பல்லின் வேரை அடைத்து, மை பக்கவாட்டில் புகாமலிருக்க, நுனியை மட்டும் விட்டுவிட்டு நகப்பூச்சு அடிப்பார்கள். நீல மையில் ஒரு வாரம் ஊறப்போட்டு, நெடுக்காக அறுத்து, நுனி வழியாக மை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இதுவரை வேரை அடைக்கப் பயன்பட்ட பழைய ரப்பர் குச்சியால் அடைத்த இருபதில் பதினொன்றில் நீலம் ஏறியிருந்தது. புதுப் பசையில் ஒன்றில்கூட இல்லை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து எல்லா நோயாளிகளுக்கும் அந்தப் பசைதான் என்று முடிவாகிவிட்டது.

அந்தப் பசையால் அடைத்த ஒன்பதாம் நாள் நாத்தனார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்க மருந்துக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தேன் அண்ணி?"

"நல்லாவா இருந்த? தெருவே கேக்க அழுதியே!"

"அப்ப வலியில அழுதேன். இப்ப உங்களால அழறேன்."

அந்தப் பேச்சு உறுத்தியது. மறுநாள் காலை பல்லக்கா ஆய்வுக்கூடத்தில் புதுப் பசைப் பற்களின் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். நுனியில் நகப்பூச்சின் மினுமினுப்பு. இருபதில் பதினாறில் இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. கெட்டியான நகப்பூச்சு பழைய குச்சிப் பற்களோடு தீர்ந்துபோய், புதுப் பசைப் பற்களுக்கு அவள் கடையில் வாங்கிய பாட்டில் நீர்க்க இருந்தது. அது வழிந்து நுனியையே மூடியிருக்கிறது. மூடிய வாய்க்குள் மை எப்படிப் போகும்?

துண்டுகளை அள்ளிக்கொண்டு குப்பைக்கூடை வரை போனாள். போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. வருடா வருடம் அவள் வேலையைப் புதுப்பிப்பது டாக்டரம்மாவின் கையெழுத்து. ஆனாலும் அவள் குப்பைக்கூடையைத் தாண்டி டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள்.

டாக்டரம்மா நாலைந்து துண்டுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"நாலு மாச வேலை, அக்கா, இது. கட்டுரைய நேத்துதான் பத்திரிகைக்கு அனுப்பினேன்."

"என் தப்புதான் மேடம்."

டாக்டரம்மா போனை எடுத்து, திங்கட்கிழமை ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னார். பிறகு, "உங்க நாத்தனார நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. எக்ஸ்ரே எடுக்கணும்" என்றார். தன் வேலையைப் பற்றிக் கேட்காமலே பல்லக்கா வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அப்ப எனக்குப் போட்டது நல்லதா, கெட்டதா?" என்றாள் நாத்தனார்.

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"யாருக்குமே தெரியாது. சோதனையவே நான் கெடுத்துட்டேன்."

திட்டுவாள் என்று பல்லக்கா காத்திருந்தாள். நாத்தனாரோ வீங்கிய கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தன மணிக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டாள், அண்ணி என்று சொல்லாமல்.