முருகேசன் பெயரில் ஒரு வேலை

வேலை தேடி வடசென்னைக்கு வரும் வெளிமாநிலத்தவருக்கு உள்ளூர் ஆள் ஒருவரை வழித்துணையாகச் சேர்த்துவிடும் சிறு குழு ஒன்று ராயபுரத்தில் இருக்கிறது. அதில் சேரலாமா என்று பார்க்கத்தான் போன மார்கழியில் கிளம்பினேன். உங்களில் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால் இது உதவும்.

காலை 5.40க்கு டோல்கேட்டில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஸ்டெல்லா நின்றிருந்தார். துறைமுக அலுவலகத்தில் வேலை. இந்தி சரளம், வாய் அதைவிடச் சரளம். கூடவே மனோஜ், ஒடிசாவிலிருந்து வந்து பன்னிரண்டு நாளான வெல்டர். ஊரில் பச்சைக்குழந்தை, இங்கே வேலையில்லை. ஏஜெண்ட் ஒருவன் சொன்ன இடத்தைச் சரிபார்க்கத்தான் ஸ்டெல்லா உடன் வந்தார்.

திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய். அத்திப்பட்டு புதுநகருக்கு ரயில் ஐந்து ரூபாய். எண்ணூர் தாண்டியதும் பனியும் சாம்பலும் சேர்ந்து ஜன்னலை மூடின. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் நுனி தெரிந்தது, அடி தெரியவில்லை. ரயிலிலிருந்து இறங்கியதும் காட்டுப்பள்ளி சாலையில் ஆறு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது. பேரம் படியாது, நான் பேசிப் பார்த்துவிட்டேன்.

7.10க்குப் பெயர்ப்பலகையே இல்லாத ஒரு கன்டெய்னர் யார்டு. கேட்டுக்கு வெளியே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். சூப்பர்வைசர் மனோஜிடம் ஒரு பாஸையும் ஹெல்மெட்டையும் நீட்டினார். இரண்டிலும் ‘முருகேசன்’ என்று இருந்தது.

“இது யாரு பேரு நைனா?” என்றார் ஸ்டெல்லா.

“அந்தாளு போன வாரம் மேலேர்ந்து வுழுந்து செத்துட்டான். பாஸ் இன்னும் உயிரோடதான் கீது. கூப்டா கை தூக்கச் சொல்லு, அவ்ளோதான்.”

மனோஜ் சிரித்தபடி நின்றார். தமிழ் படிக்கத் தெரியாது. முருகேசன் என்பது கம்பெனியின் பெயர் என்று நினைத்திருக்கிறார், பாவம்! அந்தப் பெயருக்குக் கை தூக்க ஏஜெண்ட் சொல்லிக்கொடுத்து, மூன்று நாளாகப் பழகியிருக்கிறார்.

ஸ்டெல்லா இந்தியில் விளக்கினார். சிரிப்பு நின்றது. ஆனாலும் மனோஜின் கை ஹெல்மெட்டை விடவில்லை. “வேலை வேணுமே தீதி.”

“நீ விழுந்தா உன் வீட்டுக்கு யார் சொல்வாங்க? இவங்க கணக்குல நீ இங்க வரவே இல்லியே.”

மனோஜ் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். நாங்கள் நடந்தோம். நூறடி போனதும் பின்னால் சூப்பர்வைசர் “முருகேசன்!” என்று கூப்பிடுவது கேட்டது.

“இருக்கேன் சார்,” என்றது வரிசையிலிருந்து வேறொருவரின் குரல், யாரோ சொல்லிக்கொடுத்த தமிழில். மூவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து மனோஜுக்குத் திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது, சொந்தப் பெயரிலேயே. வழித்துணையாகப் போகிறவர்கள் மாஸ்க்கும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸில் இருக்கும் பெயரை உங்கள் ஆளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் குழுவில் சேர்ந்துவிட்டேன். அன்றைக்குக் குரல் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட யாருமே வந்திருக்கவில்லை.