தகரக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு நடனக் குழு

மேக்கப் பூசிய முகத்தில் வெயில் ஏறினால் ஒரு மணம் வரும். பவுடரும் வியர்வையும் கொண்டையில் வாடிப்போன மல்லிகையும் சேர்ந்த மணம். எனக்கு அந்த மணம் ஆகாது. போன கிழமை மல்லாவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் அரை நாள் அந்த மணத்துக்குள் நின்றுவிட்டு வந்தேன். நான் படித்த பள்ளிக்கூடம்தான். இப்போது அக்காவின் மகள் படிக்கிறாள். புதிய மண்டபத் திறப்பு விழாவில் அவள் வரவேற்பு நடனம் ஆடுகிறாளாம், கொண்டை போட ஆள் இல்லையாம். அக்கா வவுனியாவிலிருந்து என்னை வரவழைத்துவிட்டாள். நான் வேலை செய்யும் மருந்துக்கடை முதலாளியிடம் லீவு கேட்பது பல்லுப் பிடுங்குவதைவிடக் கஷ்டம். ஆனாலும் போனேன்.

காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன பிரதம விருந்தினர் பதினொரு மணியாகியும் வரவில்லை. பிள்ளைகள் பட்டுச்சேலை உடுப்போடு வாசலில் வரிசையாக நின்றார்கள். அக்காவின் மகள் தண்ணீர் கேட்டாள். பக்கத்தில் நின்ற இளம் ரீச்சர், "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை, குடிச்சா உதட்டுச் சாயம் அழிஞ்சு போகும்" என்றார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவரும் ஒருகாலம் இப்படி எங்கோ நின்றிருப்பார்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தொடங்கினார். இந்தப் பள்ளிக்கூடத்தின் பெருமைமிகு நடனக் குழு, போர் முடிந்த கையோடு, அன்றைய உப அதிபரின் வழிகாட்டலில் ஆரம்பிக்கப்பட்டதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழிகாட்டல்! அந்த அம்மா எங்களுக்குக் காட்டிய ஒரே வழி, வகுப்புக்குத் திரும்பிப் போகிற வழி.

அந்தக் குழுவைத் தொடங்கியவர்கள் நாங்கள். எட்டாம் வகுப்புப் பெட்டைகள் மூன்று பேர்.

முகாமிலிருந்து ஊருக்கு விட்ட வருடம் அது. பள்ளிக்கூடத்தில் சுவர்கள் இருந்தன, கூரை இல்லை. பெரிய வகுப்புகளுக்குச் சுவருக்கு மேலே தறப்பாள் இழுத்துக் கட்டியிருந்தார்கள். எங்களைப் போன்ற சின்ன வகுப்புகளுக்குத் தகரக் கொட்டில். தறப்பாளுக்கு ஒரு மணம் உண்டு. முகாமில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை, இல்லாதவர்களுக்குச் சொன்னால் விளங்காது. தகரத்துக்கு மணம் இல்லை, சூடுதான். மத்தியானத்துக்கு மேல் கணிதப் பாடம் எடுப்பவரே கணக்கை மறந்துவிட்டுக் கொப்பியால் விசிறிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு மத்தியானம்தான் நிரோ என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"எடி, நாங்கள் ஒரு டான்ஸ் குறூப் தொடங்குவமோ?"

நான் சிரித்தேன். ஏனென்றால் நிரோவுக்கு ஆட வராது. உடற்பயிற்சிக்குக் கை தட்டச் சொன்னாலே அவளுடைய கை எல்லோருக்கும் பிறகுதான் தட்டும். நானும் பெரிய ஆட்டக்காரி இல்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஒரு மரத்தடியில் யாரோ ஒரு ரீச்சரிடம் தட்டடவு மட்டும் பழகியிருந்தேன். அடுத்த அடவுக்கு வருவதற்குள் அந்த ஊரைவிட்டே எழும்பிவிட்டோம். உண்மையில் ஆடக்கூடியவள் ஸ்ரெலா ஒருத்திதான். அவள் நாயாற்றுக் கடற்கரைப் பிள்ளை. கரைக்குத் திரும்பிப் போக இன்னும் விடாததால் இங்கே பெரியம்மா வீட்டில் இருந்தாள். கோயில் திருநாளுக்கு ஆடிப் பழகியவள். அதனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் அவளுடைய கை கடைசியில் வானத்தைப் பார்த்து ஆண்டவரைத்தான் தேடும். இந்த லட்சணத்தில் எங்கள் குழு தொடங்கியது.

சலங்கைக்கு எங்கே போவது? சோடா மூடிகளை ஆணியால் குத்தி, வயரில் கோத்துக் காலில் கட்டினோம். நடந்தால் பழைய தகரம் ஏற்றிய வண்டி போவது போலச் சத்தம் வரும். பாட்டுக்கு ஸ்ரெலாவின் பெரியப்பாவுடைய போன். பழகுவதற்கு இடம், கொட்டிலுக்குப் பின்னால். அங்கேயும் ஒரு சிக்கல். கொட்டிலோடு ஒட்டிய ஒரு ஒடுங்கிய துண்டு நிலத்தில்தான் மிதிவெடி எடுத்து முடிந்திருந்தது. அதற்கு அப்பால் சிவப்புத் தடிகள், மஞ்சள் நாடா, மண்டையோடு கீறிய பலகை. முன்வரிசையில் மூன்று பேருக்குமேல் நின்றால் ஓரத்தில் நிற்பவளின் கை நாடாவில் முட்டும். உலகத்தில் எந்த நடன ஆசிரியரும் சொல்லித்தராத ஒன்றை நாங்கள் அங்கே பழகினோம். பின்னுக்குப் போகிற அடவே இல்லாமல் ஆடுவது.

மெல்ல மெல்ல எங்கள் வகுப்புப் பெட்டைகள் வேறு சிலரும் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் சண்டையும் சேர்ந்தது. முன்வரிசைக்கு மூன்று இடம்தானே. அதில் ஒன்றை நிரோ பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். தாளம் ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கம் போவாள். "நீ பின்னுக்கு நில்லடி, சனம் சிரிக்கப்போகுது" என்று ஸ்ரெலா கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். நிரோ பல்லைக் கடித்துக்கொண்டு முன்னுக்கே நின்றாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாய்க்குள் தாளம் சொல்லிக்கொண்டே நடப்பாள். என்ன ஆசையோ என்று நான் நினைத்தேன்.

பதினோராம் வகுப்பு அக்காமாருக்கு நாங்கள்தான் இடைவேளைப் பொழுதுபோக்கு. தகரத்து ஓட்டைகளால் பார்ப்பார்கள். பிறகு அந்தப் பக்கம் போய் நின்று எங்களைப் போலவே ஆடிக்காட்டி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நிரோவைப் போல ஆடுவதற்கு அவர்களுக்குள் போட்டியே நடந்தது.

சலங்கைச் சத்தம் கேட்டு ஒருநாள் உப அதிபர் வந்தார். தும்புத்தடி மாதிரி மெலிந்த மனுசி, ஆனால் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்கும். "மிதிவெடிக்குப் பக்கத்தில நிண்டு துள்ளுறியளோ? கால் போனா ஆர் பொறுப்பு? ஓடுங்கோ வகுப்புக்கு!" எங்கள் சலங்கைகளைப் பறித்துக்கொண்டு போய் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நாங்கள் திரும்பவும் சோடா மூடி பொறுக்கினோம்.

அடுத்த மாதம் அதே அம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். குரல் தேன் மாதிரி இருந்தது. "பிள்ளையள், நீங்கள் அந்தத் தகரத்துக்குப் பின்னால ஆடுறனீங்கள் எல்லோ?" கொழும்பிலிருந்து அரசாங்கத்துப் பெரியவர் ஒருவர் வருகிறாராம். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுத்தருவார்போல இருக்கிறதாம். வரவேற்பு நடனம் வேண்டும். அக்காமாரைக் கேட்டபோது பரீட்சை என்று சொல்லிக் கழன்றுவிட்டார்கள். இனி எங்களை விட்டால் ஆளில்லை.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு விருந்தினர்கள் வந்தபடியே இருந்தார்கள். வாகனத்தால் இறங்குவார்கள், மாலை விழும், நடனம் நடக்கும், படம் எடுப்பார்கள், போவார்கள். சனமும் அதிபரும் தூரத்தில் நிற்க, அவர்களுக்குக் கிட்டப் போகக்கூடியவர்கள் ஆடுகிற பிள்ளைகள் மட்டும்தான். இதை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்தவள் ஒருத்தி இருந்தாள்.

மாலை போட ஸ்ரெலாவைத் தெரிவுசெய்திருந்தார் உப அதிபர். ஸ்ரெலா வடிவானவள், நடுக்கம் இல்லாதவள். அன்று பின்னேரம் நிரோ அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாலையை நான் போடுறன். எனக்குத் தாவன்."

"ஏன்ரி, படத்தில வர ஆசையோ?"

"ஆடவோ படத்தில வரவோ ஆருக்கடி ஆசை? கிட்டப் போனாத்தானே கதைக்கலாம். அண்ணா எங்கையெண்டு கேக்கவேணும். அம்மாட்டைச் சொல்லிப்போட்டன், கேட்டுக்கொண்டு வாறனெண்டு."

நிரோவின் அண்ணா சுதன். போர் முடிந்த அன்று சனத்தோடு சனமாக நடந்து வரும்போது, பெயர் பதியவேண்டும், பிறகு விடுவோம் என்று சொல்லி ஆமிக்காரர் அவனைத் தனியாக பஸ்ஸில் ஏற்றினார்கள். தாய் கண்ணால் பார்க்க ஏறினான். அதற்குப் பிறகு தகவல் இல்லை. தாய் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். எங்களுக்குத் தெரியாது, மேலிடத்தில் கேளுங்கோ. மனுசி மத்தியானம் சமைத்தால் மகனுக்கென்று ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, பின்னேரம் அதைத்தான் தான் சாப்பிடும். மேலிடம் எங்கே இருக்கிறது என்று தாய்க்குத் தெரியவில்லை. மகள் கண்டுபிடித்துவிட்டாள். மேலிடம் மாலை போட்டுக்கொள்ள எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வருகிறது. அதற்குக் கிட்டப் போவதற்காகத்தான் ஆட வராத பிள்ளை ஒரு நடனக் குழுவையே தொடங்கியிருக்கிறாள்.

ஸ்ரெலா மாலையை விட்டுக்கொடுத்தாள்.

விழா அன்று சனம் நிறைய. பெரும்பாலும் அம்மாமார். கூரைக்காக வந்தவர்கள் பாதி, காணாமல்போன பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர் ஏதாவது சொல்லுவாரோ என்று வந்தவர்கள் பாதி. நாங்கள் அம்மாமாரின் பழைய சேலையை வெட்டித் தைத்த உடுப்போடு மேடையோரம் நின்றோம். நிரோ மாலையோடு ஏறினாள். பெரியவர் மைக்குக்குப் பக்கத்தில் எழுந்து நின்று தலையைக் குனிந்து கொடுத்தார். மாலை கழுத்தில் விழுந்தது. நிரோ இறங்கவில்லை.

"ஐயா, என்ர அண்ணா எங்க இருக்கிறார்? பேர் சுதன். பதிஞ்சுபோட்டு விடுறம் எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவை."

மைக் திறந்துதான் இருந்தது. முற்றம் முழுக்கக் கேட்டது. பெரியவருக்குத் தமிழ் விளங்கவில்லை என்று நினைக்காதீர்கள். எங்களைவிட நல்ல தமிழ் பேசுகிறவர். அவர் சிரித்தபடியே நிரோவின் தலையைத் தடவி, "கெட்டிக்காரி. நல்லாப் படிக்கவேணும், என்ன?" என்றார். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

நிரோ நின்றாள். அடம்பிடித்து நின்றாள் என்று பிறகு சொன்னார்கள். அது பொய். கேள்வி கேட்டவள் பதிலுக்காக நின்றாள், அவ்வளவுதான். அவர் சொன்னது பதில் என்று அவளுக்கு விளங்கவில்லை.

உப அதிபர் கை காட்ட, பாட்டுப் போட்டார்கள். முன்வரிசையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அவள் இல்லாமல் எங்களில் ஒருத்தியும் காலைத் தூக்கவில்லை. பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சனத்துக்குள்ளிருந்து ஒரு தாய் எழும்பி, "பிள்ளை கேக்குதெல்லோ, சொல்லுங்கோவன்!" என்று கத்தினாள். இன்னொருத்தி எழும்பினாள். பிறகு யார் யார் எழும்பினார்கள் என்று தெரியவில்லை. ஒலிபெருக்கிக்காரன் சத்தத்தைக் கூட்டினான். உப அதிபர் நிரோவைக் கையில் பிடித்து இறக்கினார். எங்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, பார்க்க வந்த பதினோராம் வகுப்பு அக்காமாரைச் சீருடையோடு மேடைக்கு ஏற்றினார்.

நீங்கள் நம்புவீர்களோ தெரியாது, அவர்கள் பிழையில்லாமல் ஆடினார்கள். எங்களைப் பழித்துப் பழித்தே முழு நடனமும் அவர்களுக்குப் பாடமாகியிருந்தது. பின்னுக்குப் போகாமல், ஒடுங்கி நின்று, கடைசியில் ஸ்ரெலாவைப் போல வானத்துக்குக் கை தூக்கி ஆடினார்கள். பெரியவர் கை தட்டினார்.

அடுத்த நாள் உப அதிபர் எங்களை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் விளங்குது பிள்ளையள். ஆனா மழைக்கு முதல் கூரை வேணும்" என்றார். கூரை வந்தது, அதை மறைக்கமாட்டேன். அந்த மாரிக்கு நாங்கள் நனையவில்லை. நடனக் குழு அக்காமாருக்குப் போனது. அவர்களுக்கு உண்மையான சலங்கை வாங்கினார்கள். அந்தச் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் நிரோ கொப்பியில் ஏதாவது கிறுக்கிக்கொண்டிருப்பாள். தாய் அவளைத் திட்டவில்லை. "கேட்டனியோ?" என்று மட்டும் கேட்டதாம். "ஓம்" என்றாளாம்.

ஸ்ரெலாவின் ஆட்கள் கரைக்குத் திரும்பிப் போனார்கள், பிறகு தொடர்பில்லை. நிரோ பதினோராம் வகுப்போடு நின்றுவிட்டாள். தாயும் மகளுமாகச் சுதனின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரப் போராட்டக் கொட்டிலில் இருந்தார்கள், ஊர்வலம் போனார்கள், ஒவ்வொரு விசாரணைக்கும் போய் முதலிலிருந்து சொன்னார்கள். தகரக் கொட்டிலும் நாடாவும் பலகையும் போய், இப்போது அந்த இடத்தில்தான் புதிய மண்டபம்.

போன கிழமை அதைத் திறக்க வந்தவர் யார் தெரியுமோ? அதே பெரியவர். தலைமயிர் நரைத்து, நடை தளர்ந்திருந்தது. சிரிப்பு மாறவில்லை. அக்காவின் மகள்தான் மாலை போட்டாள். அவர் அவளுடைய தலையையும் தடவினார்.

இரவு ஓமந்தைக்கு நிரோவுக்குப் போன் எடுத்தேன். அங்கேதான் கலியாணம் முடித்துத் தையல் செய்கிறாள். நான் சொல்லச் சொல்ல மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அதே மனிசனோ?"

"அதே மனிசன்தான்."

"ஆரும் கேட்டவையோ?"

"இல்லையடி. நீ வந்திருந்தாக் கேட்டிருப்பாய்."

மெஷின் நின்றது. அவளுடைய அம்மா செத்தது போன மாரியில். செத்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன்.

"இல்லை" என்றாள் நிரோ. "அம்மா இருக்குமட்டும் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான். இனி அறிஞ்சாலும் ஆரிட்டையடி போய்ச் சொல்லுறது?"